டூயல் பூட் லினக்ஸ் கணினியில் டிஸ்பிளேயும் ஹார்டுவேரும் மக்கர் செய்தால்: முழுமையான வழிகாட்டி

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. திரை மினுங்குகிறது, வைஃபை காணவில்லை, எச்டிஎம்ஐ மானிட்டர் எடுக்கவில்லை என்று எது வந்தாலும், கோளாறு பொருளிலா, அதை இயக்கும் மென்பொருளான டிரைவரிலா என்பதை ஸ்குரூடிரைவரைத் தொடாமலேயே ஓரளவு சொல்லிவிடலாம். இரண்டு ஓஎஸ்ஸிலும் அதே கோளாறு வந்தால் பொருளைச் சந்தேகியுங்கள். ஒன்றில் மட்டும் வந்தால் பெரும்பாலும் டிரைவர், இல்லையென்றால் கர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி). ஆனால் இந்தச் சோதனையை நம்ப வேண்டுமென்றால் விண்டோஸ் உண்மையிலேயே அணைந்திருக்க வேண்டும். பல கணினிகளில் அது அணைவதே இல்லை.

இங்கே சொல்லும் கட்டளைகள் உபுண்டு 24.04, லினக்ஸ் மிண்ட் 22 இரண்டுக்கும் பொருந்தும். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை அடிக்கும் சாளரம்) ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். மைனஸ் என்றால் - குறி, சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு ஓட்டுவது.

## முதல் வேலை: விண்டோஸை முழுதாக அணைப்பது

விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஷட்டவுன் பட்டனுக்குப் பின்னால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உங்கள் லாகின் மட்டும்தான் மூடப்படும். கர்னலும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். இதன் தொல்லை லினக்ஸ் பக்கம்தான் தெரியும். சில வைஃபை, லேன் சிப்கள் அரைத்தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸ் எழுப்பினாலும் எழாது. விண்டோஸின் சி டிரைவ் படிக்க மட்டுமே திறக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். வேடிக்கை என்னவென்றால் ரீஸ்டார்ட் கொடுத்தால் இந்தத் தொல்லை கிடையாது. ரீஸ்டார்ட்தான் விண்டோஸில் உண்மையான ஷட்டவுன்.

இதை நிரந்தரமாக நிறுத்த, கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் திறந்து, பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இணைப்புக்குள் போங்கள். மங்கலாக இருக்கும் அமைப்புகளைத் திறக்கும் வரியைச் சொடுக்கிவிட்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுங்கள். பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அந்த டிக் திரும்பி வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

அடுத்து கணினியில் தேங்கிய மின்சாரத்தை வடியுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரி கழற்றக்கூடியது என்றால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். டெஸ்க்டாப் என்றால் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் வழங்கும் பெட்டி) பின்பக்க சுவிட்சை அணைத்துவிட்டு அதையே செய்யுங்கள். காணாமல் போன வைஃபையும் டச்பேடும் இதிலேயே திரும்பி வருவது உண்டு.

## பொருளா டிரைவரா: நான்கு சோதனைகள்

ஓஎஸ்ஸுக்கு முன்பே ஓடும் பயாஸ் அமைப்புத் திரைக்குப் போய் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். அங்கே எந்த ஓஎஸ்ஸும் ஓடவில்லை. அங்கேயும் மினுக்கம், கோடு, மங்கல் தெரிந்தால் லினக்ஸை மறுபடி இன்ஸ்டால் செய்து பயனில்லை.

திரையில் கோடுகளோ நிறப்புள்ளிகளோ இருந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தப் படத்தை மொபைலில் திறந்து பாருங்கள். கோடு படத்திலும் இருந்தால் கிராபிக்ஸ் சிப்பையோ டிரைவரையோ பார்க்க வேண்டும். படம் சுத்தமாக இருந்தால் கோளாறு பெரும்பாலும் அதற்குப் பின்னால், அதாவது கேபிளிலோ பேனலிலோ இருக்கிறது. லேப்டாப் மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கும்போது கோடு வந்து போனால் கீல் வழியாக ஓடும் டிஸ்பிளே கேபிள்தான். அதை மாற்றப் பேனலைவிட மிகக் குறைவாகவே செலவாகும், அதனால் பேனலுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் இதைச் செய்துவிடுங்கள்.

திரை முழுக்க இருட்டாக இருந்தாலும் கணினி ஓடும் சத்தம் வந்தால், மொபைல் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக, மிக அருகில் பிடியுங்கள். மங்கலாக ஐகான்கள் தெரிந்தால் படம் வருகிறது, பேக்லைட்தான் எரியவில்லை.

நான்காவது, வெளி மானிட்டரைச் செருகிப் பார்ப்பது. அதில் படம் சரியாக வந்தால் கிராபிக்ஸ் சிப் மீதான சந்தேகம் பெருமளவு குறைகிறது. டெஸ்க்டாப்பில் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும்போது மதர்போர்டு எச்டிஎம்ஐயில் கேபிளைச் செருகிவிட்டு டிஸ்பிளே வரவில்லை என்று சர்வீஸ் கடைக்கு வரும் கணினிகள் கொஞ்சநஞ்சமல்ல.

## கிரப் மெனு வருகிறது, அதன்பின் கருந்திரை

எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்கும் கிரப் மெனு தெரிந்தால் திரையும் கேபிளும் நலம். கர்னல் கிராபிக்ஸ் டிரைவரை ஏற்றும் தருணத்தில்தான் சிக்கல். மெனுவே ஒளிந்திருந்தால், நிறுவனத்தின் லோகோ மறையும்போது எஸ்கேப் விசையை ஒரே ஒருமுறை தட்டுங்கள். படபடவென்று தட்டினால் கிரப் கட்டளை வரியில் போய் விழுவீர்கள்.

மெனுவில் உபுண்டு வரியில் நின்று ஈ விசையை அழுத்துங்கள். திறக்கும் எழுத்துகளில் லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் வரியைத் தேடி, அதன் கடைசியில் உள்ள குவைட், ஸ்பிளாஷ் இரண்டையும் அழித்துவிட்டு, நோமோட்செட் என்று சேருங்கள். நோ, மோட், செட் மூன்றும் இடைவெளியின்றி ஒரே சொல். எஃப்10 அழுத்தினால் பூட் ஆகும். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், அதனால் பயமின்றிச் செய்யலாம்.

திரையின் ரிசொல்யூஷனை மாற்றும் வேலையைக் கர்னல் தன் கையில் எடுக்காதபடி தடுப்பதுதான் நோமோட்செட்டின் வேலை. பயாஸ் கொடுத்த படநிலையிலேயே எல்லாம் ஓடும். கிராபிக்ஸ் முடுக்கம் இருக்காது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, இரண்டாவது மானிட்டர் வராது. இது டிரைவர் போடுவதற்குள் நுழைய உதவும் ஏணி, அவ்வளவுதான். கறுப்புத் திரைக்கு நிரந்தர மருந்தாக இதைச் சொல்லும் குறிப்புகளைப் பின்பற்றிவிட்டு, பின்னால் பிரைட்னஸ் வேலை செய்யவில்லை என்று தேடுவோர் ஏராளம். டிரைவர் போட்டு முடித்ததும் எடுத்துவிடுங்கள்.

குவைட், ஸ்பிளாஷ் இல்லாததால் இப்போது வரிகள் ஓடும். எந்த வரியில் உறைகிறது என்று மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருந்திரை வந்த பிறகும் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து லாகின் வந்தால் கர்னல் ஓடிக்கொண்டிருக்கிறது. லாகின் திரையோ டெஸ்க்டாப்போதான் விழுந்திருக்கிறது. அப்போது டிஎஃப் மைனஸ் எச் என்று அடித்து ரூட் பார்ட்டிஷன் (டிஸ்கில் லினக்ஸ் இருக்கும் பகுதி) நிரம்பிவிட்டதா என்று முதலில் பாருங்கள். டூயல் பூட்டில் லினக்ஸுக்கு 25, 30 ஜிபி மட்டும் ஒதுக்கியவர்களுக்குக் கருந்திரைக்குப் பல சமயம் இதுவே காரணம்.

நேற்றுவரை ஓடியது, அப்டேட்டுக்குப் பின் நின்றது என்றால் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் போய் முந்தைய கர்னலைத் தேர்ந்தெடுங்கள். அது ஓடினால் பொருளில் குறையில்லை.

## என்விடியாவும் செக்யூர் பூட்டும்

டூயல் பூட் டிஸ்பிளே புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் வந்து முடிகிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் எந்த கார்டு, எந்த டிரைவர் என்று தெரிய வேண்டும். எல்எஸ்பிசிஐ மைனஸ் என்என்கே என்று அடித்து, விஜிஏ அல்லது 3டி என்று வரும் பகுதியைப் பாருங்கள். கர்னல் டிரைவர் இன் யூஸ் என்ற வரியில் நூவோ (nouveau) என்று இருந்தால் திறந்தமூல டிரைவர் ஓடுகிறது. என்விடியா என்று இருந்தால் நிறுவனத்தின் டிரைவர். அந்த வரியே இல்லையென்றால் எந்த டிரைவரும் அந்த கார்டைப் பிடிக்கவில்லை.

என்விடியா தளத்திலிருந்து டிரைவர் கோப்பை இறக்கி நேரடியாக ஓட்டாதீர்கள். அடுத்த கர்னல் அப்டேட்டில் உடையும், கழற்றுவதும் தலைவலி. மிண்டில் டிரைவர் மேனேஜரையும், உபுண்டுவில் அடிஷனல் டிரைவர்ஸையும் திறந்து பரிந்துரைக்கப்பட்டதைத் தேர்ந்தெடுங்கள். டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் சூடோ உபுண்டு-டிரைவர்ஸ் இன்ஸ்டால் என்று அடித்தால் போதும்.

பழைய கார்டுகளில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஜிஃபோர்ஸ் 400, 500 வரிசை ஃபெர்மி கார்டுகளுக்கான 390 டிரைவர் கிளைக்கு 2022 இறுதியோடு ஆதரவு முடிந்துவிட்டது, உபுண்டு 24.04 களஞ்சியத்தில் அது கிடையாது. அவற்றுக்கு நூவோதான். ஜிடி 710 போன்ற கெப்ளர் கார்டுகள் 470 கிளையோடு நின்றுவிடும். மறுமுனையில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு 570 அல்லது அதற்கு மேல், அதுவும் ஓப்பன் என்று பெயரில் வரும் கர்னல் மாட்யூல்தான் வேண்டும். மற்றதைப் போட்டால் கார்டு எழாது.

செக்யூர் பூட் (கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் ஏற்கும் பயாஸ் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் டிரைவர் போடும்போது ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லும். இது லாகின் கடவுச்சொல் அல்ல, ஒருமுறைப் பயன்பாட்டுக்கு. ரீஸ்டார்ட் ஆனதும் நீலத் திரை ஒன்று வந்து, சுமார் 10 விநாடி காத்திருக்கும். அதற்குள் ஏதாவது விசையைத் தட்டாவிட்டால் அது போய்விடும், டிரைவரின் கையொப்பச் சாவி பதிவாகாது, கர்னல் அந்த டிரைவரை உள்ளே விடாது. விசையைத் தட்டி, என்ரோல் மோக் (மோக் என்பது அந்தக் கையொப்பச் சாவி), கன்டினியூ, யெஸ் என்று வரிசையாகப் போய் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து ரீபூட் செய்யுங்கள். அந்தத் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும். ஆகவே கடவுச்சொல்லில் குறியீடுகள் வேண்டாம், எட்டு சாதாரண எழுத்துகள் போதும்.

நீலத் திரையைத் தவறவிட்டவர்களுக்கு அடையாளம் இது: டிரைவர் இன்ஸ்டால் ஆகியிருக்கும், ஆனால் என்விடியா-எஸ்எம்ஐ என்று அடித்தால் டிரைவரோடு பேச முடியவில்லை என்று சொல்லும். மோக்யூடில் (mokutil) மைனஸ் மைனஸ் எஸ்பி-ஸ்டேட் அடித்து செக்யூர் பூட் எனேபிள்டு என்று வருகிறதா பாருங்கள். வந்தால், வார், லிப், ஷிம்-சைன்ட், மோக் என்ற ஃபோல்டர் வரிசையில் உள்ள மோக் புள்ளி டெர் கோப்பை மோக்யூடில் மைனஸ் மைனஸ் இம்போர்ட் கட்டளைக்குக் கொடுங்கள். அந்தக் கோப்பின் பெயரில் மோக் மட்டும் பெரிய எழுத்து. புதுக் கடவுச்சொல் கேட்கும். ரீஸ்டார்ட்டில் நீலத் திரை மறுபடி வரும்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடலாமே என்று தோன்றும். அணைக்கலாம், ஆனால் அதற்குமுன் விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோதே பலருக்குத் தெரியாமல் அது இயங்கியிருக்கும். செக்யூர் பூட்டை மாற்றியதும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கையில் இல்லையென்றால் சி டிரைவைத் திறக்க முடியாமல் போகலாம். சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்திலிருந்து எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயாஸுக்குள் போங்கள்.

சாவி சரியாக இருந்தும் கர்னல் அப்டேட்டுக்குப் பின் டிரைவர் காணவில்லை என்றால் டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் அடியுங்கள்; ஒவ்வொரு கர்னலுக்கும் டிரைவரைக் கட்டித் தரும் கருவி அது. இப்போதைய கர்னல் எண்ணுக்கு நேராக இன்ஸ்டால்டு என்று இல்லாவிட்டால், அந்தக் கர்னலுக்கான ஹெடர்ஸ் தொகுப்பு இல்லை அல்லது டிரைவர் அதோடு கட்டப்படவில்லை.

இரண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்களில் இன்னொரு பொறி. பல கேமிங் மாடல்களில் எச்டிஎம்ஐ துளை நேராக என்விடியா சிப்போடு இணைந்திருக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்க பிரைம்-செலக்ட் இன்டெல் என்று மாற்றி வைத்தால் என்விடியா அணைந்து, எச்டிஎம்ஐயும் சேர்ந்து செத்துவிடும். பிரைம்-செலக்ட் ஆன்-டிமாண்ட் என்று மாற்றி ரீஸ்டார்ட் செய்தால் துளைக்கு உயிர் வரும்.

## வெளி மானிட்டர்: 1024, 768-லேயே நிற்கிறது

மானிட்டர் தன் ரிசொல்யூஷன்களைக் கணினிக்குச் சொல்வது ஈடிஐடி என்ற சிறு தரவு மூலம். அது வராவிட்டால் லினக்ஸ் பத்திரமாக 1024, 768 என்று வைத்துவிடும். விண்டோஸ் சிலசமயம் பழைய நினைவில் சரியான அளவைக் காட்டிவிடுவதால் லினக்ஸ்மீது பழி விழுகிறது.

சிஸ், கிளாஸ், டிஆர்எம் என்ற ஃபோல்டர் வரிசைக்குள் ஒவ்வொரு துளைக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். அதில் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறந்தால் கனெக்டட் என்று இருக்க வேண்டும். ஈடிஐடி கோப்பின் அளவை டபிள்யூசி மைனஸ் சி கட்டளையால் பாருங்கள். எல்எஸ் கட்டளை எப்போதும் 0 என்றுதான் காட்டும், அதை நம்பாதீர்கள். 128 அல்லது 256 என்று வந்தால் தரவு வருகிறது, 0 என்றால் வரவில்லை. கனெக்டட் என்று காட்டி ஈடிஐடி 0 என்றால் கேபிள், கன்வெர்ட்டர், மானிட்டர் என்ற வரிசையில் மாற்றிப் பாருங்கள். விஜிஏ கேபிளில் இந்தத் தரவு 12, 15 ஆகிய பின்களில் போகிறது. மலிவான கேபிள்களில் அந்தப் பின்களே இருக்காது; முனையைப் பார்த்தாலே தெரியும்.

கேபிளை மாற்ற வழியில்லை என்றால் ரிசொல்யூஷனை நாமே சொல்லலாம். லாகின் திரையில் பல்சக்கர ஐகானில் எக்ஸார்க் அமர்வைத் தேர்ந்தெடுத்து நுழையுங்கள். மற்றொரு திரை அமைப்பான வேலண்டில் இந்த முறை எடுபடாது. சிவிடி 1920 1080 60 என்று அடித்தால் மோட்லைன் என்று தொடங்கும் வரி வரும். அந்த முதல் சொல்லை விட்டுவிட்டு மீதியை எக்ஸ்ரேண்டர் (xrandr) மைனஸ் மைனஸ் நியூமோட் என்பதற்குப் பின் ஒட்டுங்கள். பிறகு எக்ஸ்ரேண்டர் மைனஸ் மைனஸ் ஆட்மோட் என்பதற்குப் பின் துளையின் பெயரையும் மோட் பெயரையும் கொடுத்துச் சேர்த்து, எக்ஸ்ரேண்டர் மைனஸ் மைனஸ் அவுட்புட் என்பதற்குப் பின் துளையின் பெயரையும், மைனஸ் மைனஸ் மோட் என்பதற்குப் பின் மோட் பெயரையும் கொடுத்து மாற்றுங்கள். எச்டிஎம்ஐ அல்லது டிவிஐ வழியாக "சிக்னல் வரம்பு மீறியது" என்று மானிட்டர் சொன்னால், சிவிடிக்குப் பின் மைனஸ் ஆர் சேர்த்து மறுபடி செய்யுங்கள். முதல் முறையில் பிக்சல் வேகம் 173 மெகாஹெர்ட்ஸ், பழைய ஒற்றை இணைப்பு டிவிஐயின் எல்லை 165. மைனஸ் ஆர் கொடுத்தால் 138.5 ஆகக் குறைந்து உள்ளே அடங்கிவிடும்.

4கே மானிட்டரில் மவுஸ் இழுத்து இழுத்து ஓடினால் அமைப்புகளில் 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். எச்டிஎம்ஐ 1.4 துளையாலோ கன்வெர்ட்டராலோ அதற்கு மேல் முடியாது. இதற்கு மென்பொருளில் வழியில்லை.

## மினுக்கமும் பிரைட்னஸும்

பயாஸில் நிலையாக இருந்து, லினக்ஸில் மட்டும் திரை விட்டுவிட்டு மினுங்கினால், அதுவும் மவுஸை அசைக்காமல் சும்மா இருக்கும்போது, பேனல் தானே புதுப்பித்துக்கொள்ளும் மின்சேமிப்பு முறைதான் முதல் சந்தேகம். இன்டெல்லில் அதை அணைக்க, நோமோட்செட் எழுதிய அதே இடத்தில் ஐ915, புள்ளி, எனேபிள், அடிக்கோடு, பிஎஸ்ஆர், சமக்குறி, 0 என்று இடைவெளியின்றி எழுதுங்கள். ஏஎம்டியில் ஏஎம்டிஜிபியு, புள்ளி, டிசிடிபக்மாஸ்க், சமக்குறி, 0எக்ஸ்10. பேட்டரி சற்றுச் சீக்கிரம் தீரும், அதுதான் விலை.

பிரைட்னஸ் விசை படத்தில் பட்டையை நகர்த்துகிறது, வெளிச்சம் மாறவில்லை என்றால் ஏசிபிஐ, அடிக்கோடு, பேக்லைட், சமக்குறி என்பதற்குப் பின் நேட்டிவ், வெண்டர், வீடியோ மூன்றையும் ஒவ்வொன்றாக முயலுங்கள்.

ஒரு பூட்டில் சோதித்து உறுதியான பிறகே நிரந்தரமாக்குங்கள். ஈடிசி ஃபோல்டரில் டிஃபால்ட் ஃபோல்டருக்குள் உள்ள கிரப் கோப்பைத் திறந்து, குவைட் ஸ்பிளாஷ் உள்ள மேற்கோளுக்குள் சேர்த்து, சூடோ அப்டேட்-கிரப் கொடுங்கள். அதே கோப்பில் ஓஎஸ் புரோபரை (மற்ற ஓஎஸ்களைத் தேடி மெனுவில் சேர்க்கும் நிரல்) முடக்கும் வரி இருந்தால் அதன் மதிப்பை ஃபால்ஸ் என்று மாற்றுங்கள், கிரப் 2.06 முதல் அது இயல்பாகவே முடக்கப்பட்டிருப்பதால்தான் சிலருக்கு மெனுவில் விண்டோஸ் காணாமல் போகிறது.

## ரேம், டிஸ்க்

இரண்டு ஓஎஸ்ஸும் காரணமின்றி உறைந்தால் ரேம்தான் முதலில். மெம்டெஸ்ட்86 பிளஸ் 6-ஆம் பதிப்பு முதல் யுஇஎஃப்ஐயிலும் (புதுவகை பயாஸ்) ஓடும். இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேம் ஆகாது. ஆனால் பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை வேகப்படுத்தும் அமைப்பு) இயங்கினால் அதை அணைத்துவிட்டு இன்னொருமுறை ஓட்டிப் பார்த்தபின் முடிவெடுங்கள். இரண்டு ரேம் என்றால் ஒவ்வொன்றாகச் செருகிச் சோதியுங்கள். செம்புப் பல்வரிசையை வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டுச் செருகுவதாலேயே நோ டிஸ்பிளே கணினிகள் பல எழுந்துவிடும்.

டிஸ்குக்கு ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பைப் போட்டு, ஸ்மார்ட்சிடிஎல் மைனஸ் ஏ கட்டளையில் 5, 197, 199 ஆகிய மூன்று எண்களைப் பாருங்கள். 5-உம் 197-உம் கூடிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது, உடனே பேக்அப் எடுங்கள். 199 மட்டும் கூடினால் டிஸ்கை விடுங்கள், சாட்டா கேபிளை மாற்றுங்கள். விண்டோஸ் பார்ட்டிஷன் பழுதானால் லினக்ஸிலிருந்து சரிசெய்ய முயலாமல் விண்டோஸின் செக்டிஸ்க்கையே ஓட்டுங்கள்.

உறைந்து, கட்டாயமாக அணைத்துத் திறந்த பிறகு, ஜர்னல்சிடிஎல் மைனஸ் பி மைனஸ் 1 மைனஸ் கே கொடுத்தால் போன பூட்டின் கடைசி வரிகள் கிடைக்கும். எக்ஸ்ஐடி 79 என்று இருந்தால் என்விடியா கார்டு பஸ்ஸிலிருந்தே துண்டிக்கப்பட்டிருக்கிறது. பவர் கனெக்டர், எஸ்எம்பிஎஸ், கார்டு ஸ்லாட், சூடு நான்கையும் பாருங்கள்.

கடிகாரம் இரண்டு ஓஎஸ்ஸுக்கும் இடையே சரியாக ஐந்தரை மணி நேரம் தவறினால் அது கோளாறே அல்ல. விண்டோஸ் கடிகாரச் சிப்பில் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது, லினக்ஸ் அதை யுடிசி (உலகப் பொது நேரம்) என்று படிக்கிறது. டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 கொடுத்தால் தீரும். ஒவ்வொரு முறையும் பல ஆண்டு பின்னால் போய் நின்றால் மட்டும் மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். அந்த பேட்டரி செத்தால் பயாஸ் அமைப்புகளும் அழிந்து, சாட்டா முறை மாறி, விண்டோஸ் நீலத்திரையில் விழலாம். டிஸ்க் போய்விட்டதென்று பதறாமல் அந்த அமைப்பை முன்பிருந்தபடி மாற்றுங்கள்.

## விண்டோஸ் அப்டேட்டுக்குப் பின் லினக்ஸ் பூட் ஆகவில்லை

பெரும்பாலும் பூட் வரிசைதான் மாறியிருக்கும். எஃப்12, எஃப்9, எஃப்11 என்று மாடலுக்கேற்ற பூட் மெனு விசையில் உபுண்டு என்று இருக்கிறதா பார்த்து, பயாஸில் அதை மேலே நகர்த்துங்கள்.

ஷிம் எஸ்பாட் சரிபார்ப்பு தோற்றது என்ற செய்தியோடு அணைந்தால் அது வேறு. ஷிம் என்பது செக்யூர் பூட்டில் லினக்ஸைத் தொடங்கும் சிறு நிரல், எஸ்பாட் அதன் பதிப்பைச் சோதிக்கும் ஏற்பாடு. 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட் பல டூயல் பூட் கணினிகளை இப்படித்தான் நிறுத்தியது. பிட்லாக்கர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய், சூடோ மோக்யூடில் மைனஸ் மைனஸ் செட்-எஸ்பாட்-பாலிசி டெலீட் கொடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். லினக்ஸுக்குள் ஒருமுறை போய்வந்த பிறகு செக்யூர் பூட்டை மறுபடி இயக்கலாம். ஷிம் தொகுப்பையும் அப்படியே அப்டேட் செய்துவிடுங்கள்.

## பேனலை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

பயாஸிலும் கோடு, ஸ்கிரீன்ஷாட் சுத்தம், வெளி மானிட்டர் நலம், கேபிளும் மாற்றியாயிற்று என்றால் பேனல்தான். லேப்டாப் மாடலை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று பேனல்கள் வந்திருக்கும். பெசலை (திரையைச் சுற்றிய சட்டம்) கழற்றி, பேனல் பின்புற ஸ்டிக்கரில் உள்ள எண்ணைப் படம் எடுத்துக் காட்டுங்கள். 60 ஹெர்ட்ஸ் ஃபுல் எச்டி பேனல்களில் பெரும்பாலும் 30 பின் கனெக்டர், டச் உள்ளவற்றிலும் 120 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவற்றிலும் 40 பின். ஒன்றின் கேபிள் மற்றதில் ஏறாது. கனெக்டரைக் கழற்றும் முன் மதர்போர்டிலிருந்து பேட்டரி பிளக்கை எடுத்துவிடுங்கள். மின்சாரம் இருக்கும்போது அந்தக் கேபிளைச் சாய்வாக இழுத்தால் மதர்போர்டில் உள்ள பேக்லைட் ஃபியூஸ் போய்விடும், புதுப் பேனலும் இருட்டாகவே இருக்கும்.